இரண்டாம் மாடி ஃபிளாட், 11×10 அறை: ஸ்குவாட் ஸ்டாண்ட், ராடு, பெஞ்ச் வைக்க முடியுமா?

மாடிவீட்டுக்காரன் கேட்டது:

வணக்கம். திருவான்மியூரில் சொந்த ஃபிளாட், இரண்டாவது மாடி. பில்லர், பீம் போட்ட கட்டடம், வயது பத்துக்குள். சும்மா கிடக்கும் ஒரு பெட்ரூமை ஜிம் ஆக்கலாம் என்று இருக்கிறேன். டேப் பிடித்து எடுத்த அளவுகள்:

கிழக்கு மேற்காக 11 அடி, வடக்கு தெற்காக 10 அடி. உயரம் ஒன்பதரை அடி, நடுவில் ஒரு அடி ராடில் தொங்கும் சீலிங் ஃபேன். தெற்குச் சுவரின் மேற்கு ஓரத்தில் 3 அடிக் கதவு, உள்பக்கம் திறந்து மேற்குச் சுவரில் சாயும். வடக்குச் சுவர் வெளிச்சுவர், அதில் ஒரு ஜன்னல். தரை 2×2 விட்ரிஃபைட் டைல்.

ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது), ஓவர்ஹெட் பிரஸ் (நின்று தலைக்கு மேல் தூக்குவது), இவைதான் எனக்கு வேண்டும். உயரம் 5 அடி 8, எடை 80, டெட்லிஃப்ட் இப்போது 110 கிலோ. மனைவியும் தொடங்கப் போகிறார், அவர் 5 அடி 2. கையில் 70 ஆயிரம்.

தளம் தாங்குமா? கீழ்வீட்டுக்காரரிடம் திட்டு வாங்காமல் இருக்க என்ன வழி? ஸ்டாண்டைக் கடையில் வாங்குவதா, வெல்டிங் பட்டறையில் அடிப்பதா? பணத்தை முதலில் எதில் போடுவது?


கம்பிகட்டி எழுதியது:

அளவோடு கேட்டதற்கே ஒரு நன்றி. "சின்ன ரூம், ஓகேவா ப்ரோ" என்று கேட்பவர்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

தளம் தாங்கும். குடியிருப்பு அறைகளுக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் சொல்லும் பளு (ஆள், சாமான்) சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் அறை 10 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பரவலாக வைத்தால் கணக்கில் 2 டன். நீங்கள் ஏற்றப்போவது மேடை, ஸ்டாண்ட், ராடில் மாட்டும் எடைத் தட்டு, ஆள் எல்லாம் சேர்த்து அரை டன்னைத் தாண்டாது. அதே அறையில் தேக்குக் கட்டிலும் துணி நிறைந்த இரண்டு பீரோவும் நின்றால் யாரும் கவலைப்படுவதில்லை.

பிரச்சினை கீழே போடுவதில்தான். 100 கிலோ அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால், நிற்கும் அந்த நொடிப் பொழுதில் தரை வாங்கும் சராசரி விசை ஏறக்குறைய 50 மடங்கு: 5 டன். நிஜத்தில் தளமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ராடும் வளையும், அதனால் இந்த எண் குறையும். ஆனால் டைல் உடைவதும் கீழ்வீட்டுச் சீலிங் பூச்சில் கீறல் விழுவதும் இதனால்தான். மேட் போட்டால் நிற்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் கூடும், விசை பாதியாகும். ஆளே பிடித்து இறக்கினால் விழுவது என்பதே இல்லை. மாடியில் டெட்லிஃப்ட் செய்பவருக்கு ஒரே சட்டம்: ஏற்றிய வேகத்தில் இறக்கவும் தெரிய வேண்டும்.

அடுத்து, எங்கே தூக்குவது. தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும், பீமுக்குப் பக்கம் குறைவு. உங்களுக்கு வடக்குச் சுவர் வெளிச்சுவர், அதற்கு அடியில் பீம் இருக்கும். ஆகவே ராடு கிழக்கு மேற்காக, வடக்குச் சுவரை ஒட்டி. அறையின் நீளமும் அதற்குத்தான் ஒத்துவருகிறது. 2200 எம்.எம். ராடு 7 அடி 3 அங்குலம், 11 அடியில் கழித்தால் பக்கத்துக்கு 1 அடி 10 அங்குலம் மிஞ்சும். தட்டைக் கழற்றி மாட்ட அது போதும். 10 அடிப் பக்கமாகப் போட்டிருந்தால் ஒரு அடி நாலு அங்குலம்தான், 20 கிலோ தட்டோடு சுவரில் முழங்கையை இடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேடை. 18 எம்.எம். பிளைவுட், 8×4 ஷீட் நான்கு. பலர் 8×8 மேடை போடச் சொல்வார்கள், உங்கள் அறைக்கு அது வேண்டாம். நடுவில் வைத்தால் மேற்கில் ஒன்றரை அடி, தெற்கில் இரண்டு அடி மிஞ்சும். மேடையின் மூலை கதவுக் கீலிலிருந்து இரண்டரை அடியில் வந்துவிடும், 3 அடிக் கதவு அதில் முட்டி நிற்கும். 8×6 போடுங்கள். கிழக்கு மேற்காக 8 அடி, வடக்குச் சுவரிலிருந்து 6 அடி.

வெட்டும் முறை: மூன்றாவது ஷீட்டை நீளவாக்கில் பிளந்து 8×2 துண்டு இரண்டாக்குங்கள். கீழ் அடுக்கில் சுவர்ப்பக்கம் முழு ஷீட், அதற்குத் தெற்கே 8×2 துண்டு. மேல் அடுக்கில் சுவர்ப்பக்கம் 8×2 துண்டு, தெற்கே முழு ஷீட். கீழ்ச் சந்து 4 அடியில், மேல்ச் சந்து 2 அடியில் வரும், ஒன்றின் மேல் ஒன்று விழாது. நான்காவது ஷீட்டில் 6 அடி வெட்டி நடுவில் மூன்றாம் அடுக்காகப் போடுங்கள், 4 அடி அகலம். நீங்கள் நிற்பது அதன் மேல்தான். இரண்டு பக்கமும் மிஞ்சும் 2 அடி அகலத்துக்கு ரப்பர்.

ஸ்க்ரூ 30 எம்.எம். மட்டும். இரண்டு அடுக்கு 36 எம்.எம்., கார்ப்பென்டர் கையில் இருக்கும் 38-ஐ முடுக்கினால் நுனி டைலைத் தொடும். அங்கிருந்துதான் கீறல் தொடங்கும். ஒரு அடிக்கு ஒன்று போதும், தலை உள்ளே அமுங்கட்டும்.

ரப்பருக்கு ஜிம் கடைக்குப் போகாதீர்கள். மாட்டுக்கொட்டகை மேட் கேளுங்கள். தீவனக் கடை, பால் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஏழுக்கு நாலு அடி அளவில், 15 முதல் 17 எம்.எம். கனத்தில் ஒன்று வாங்கி நீளவாக்கில் பிளந்து, மிஞ்சும் ஒரு அடியை வெட்டினால் இரண்டு பக்கத்துக்கும் சரியாகப் போகும். ஒரு மேட் 50 கிலோ வரை கனக்கும், லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். புது பிளேடும் அடியில் ஒரு ரீப்பர் கட்டையும் வைத்து, மேட்டை வளைத்துப் பிடித்தபடி நாலைந்து தடவை கீறினால் அறுபடும், ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் கோணல்தான். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரும் கோத்து மாட்டுகிற ஃபோம் ஓடு, யோகாவுக்குச் சரி. எடைக்குக் கீழே அமுங்கும், ஸ்குவாட்டில் கால் ஆடும், ஒரு வருஷத்தில் குழி விழும்.

மேடை போடும் முன் ஒரு ரூபாய் நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் டைலுக்கு அடியில் கலவை பிடிக்கவில்லை. மேடையின் ஓரம் அந்த டைலின் குறுக்கே போகாதபடி ஓரிரு அங்குலம் நகர்த்துங்கள்.

கீழ்வீட்டு விஷயம். ரப்பர் கணகணப்பை அடக்கும், "தொம்" என்ற சத்தத்தை முழுதாக அடக்காது. அது காற்றில் போவதில்லை, கான்கிரீட் வழியே போகிறது. மேடைக்கு அடியில் 10 எம்.எம். மறுசுழற்சி ரப்பர் ரோல் விரித்தால் இன்னும் குறையும். பிறகு, ஒரு நாள் அவரைக் கீழே நிற்கச் சொல்லி நீங்கள் 60 கிலோவை இறக்கிக் காட்டுங்கள். எந்த நேரம் தொந்தரவில்லை என்று அவரே சொல்லிவிடுவார்.

இதைப் படிக்கும் பழைய மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் வீட்டுக்காரர்களுக்கு: மேலே சொன்ன கணக்கு கான்கிரீட் தளத்துக்கு. மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் இந்த வேலையே வேண்டாம்.


மாடிவீட்டுக்காரன்:

கம்பிகட்டி அண்ணே, கதவு மூலைக் கணக்கு நான் யோசிக்கவே இல்லை. டைல் தட்டிப் பார்த்தேன், கிழக்குப் பக்கம் ஒன்று மட்டும் வெற்றுச் சத்தம்.

மேடை 54 எம்.எம். உயர்ந்தால் ஃபேன் இடிக்காதா? பிளைவுட்டில் எது வாங்க வேண்டும், கமர்ஷியல் போதுமா? பால்கனியில் டெட்லிஃப்ட் மட்டும் தனியாகச் செய்தால் அறையில் இடம் மிஞ்சுமே, அது சரிவருமா?


கம்பிகட்டி:

பால்கனி வேண்டாம். அதற்குக் கணக்கில் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன் எடுப்பார்கள் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கூட்டமாக ஆட்கள் நிற்பதற்கு. நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் மேல் கம்பிதான் உயிர், கட்டும்போதே அதை மிதித்துக் கீழே அமுக்கியிருக்கிறார்களா என்று வெளியிலிருந்து தெரியாது. கடற்கரை ஓரத்தில் துரு வேறு.

ஃபேன் இடிக்கும். 5 அடி 8 ஆள் கையை முழுதாக நீட்டினால் ராடு 7 அடி வாக்கில் நிற்கும். தட்டின் ஆரம் 9 அங்குலம், மேடை 2 அங்குலம், ஆக 7 அடி 11. ஃபேன் இறக்கை எட்டரை அடியில். ஏழு அங்குல இடைவெளி காகிதத்தில் சரி, ராடு ஒரு பக்கம் சாய்ந்தால் போச்சு. சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி நின்று பிரஸ் செய்வீர்கள், 48 அங்குல ஃபேனின் இறக்கை அங்கேயே சுற்றும். கழற்றிவிட்டுக் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு சுவர் ஃபேன், 400 எம்.எம்., தரையிலிருந்து ஆறரை அடிக்கு மேல். வியர்வைக்கும் அதுதான் நல்லது, காற்று மேலிருந்து கொட்டாமல் உடம்பில் நேராக அடிக்கும். கழற்றிய ஃபேன் கொக்கியில் பாக்ஸிங் பை, கயிறு எதையும் தொங்கவிடாதீர்கள். தளத்துக் கம்பியோடு கட்டிய கொக்கியா, பிறகு செருகிய கொக்கியா என்று கீழிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பிளை: கடலோரத்தில் கமர்ஷியல் ஈரம் குடித்து ஓரம் உப்பும். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம், ஐ.எஸ். 303 முத்திரை. மெரைன் வரை போகத் தேவையில்லை, கேட்டால் கடைக்காரர் அதைத்தான் தலையில் கட்டுவார். வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் இரண்டு கை வார்னிஷ்.


பட்டறைக்காரன் எழுதியது:

கோயமுத்தூருங்க. ஸ்டாண்ட் விஷயம் நான் சொல்றேன்.

பட்டறையில அடிச்சா காசு மிச்சமாகும், கனமும் கூட கிடைக்கும். ஆனா வெல்டருக்கு கேட்டு கிராதி தெரியும், ராடு தெரியாதுங்க. படம் காட்டி "இந்த மாதிரி" னு சொன்னா வீணாப் போயிரும். அளவு எழுதிக் குடுக்கணும்.

முதல் அளவு வெளி அகலம். ஒலிம்பிக் ராடுல ரெண்டு காலருக்கும் (தட்டு உள்ள வராம நிறுத்தற வளையம்) நடுவுல 1310 எம்.எம். ஸ்டாண்டோட வெளி அகலம் 1300 வந்துச்சுன்னா ராடை வைக்கறப்ப காலர் தூண்ல இடிக்கும், இல்லைன்னா தட்டுக்கும் தூணுக்கும் நடுவுல விரல் மாட்டும். 1200 வைங்க. ரெண்டு பக்கமும் 55 எம்.எம். கிடைக்கும், கம்பிகட்டி சொன்ன 4 அடி நடு அடுக்கு மேல ஸ்டாண்ட் அப்படியே உக்காரும், ரப்பர் மேல ஏறாது.

டியூப் 60×60, 3 எம்.எம். கனம். மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல வரும். கடையில 2 எம்.எம். டியூபைக் குடுத்துட்டு 3-ன்னு சொல்லுவாங்க, எடை போட்டாத் தெரிஞ்சுரும். தூண் 2100 எம்.எம்., ரெண்டு. அடிக்கால் தூணுக்கு முன்னால 1200, பின்னால 250. முன்னால ஏன் இவ்வளவுன்னா, விழுற ராடைப் பிடிக்கற சேஃப்டி கை 600 எம்.எம். நீட்டிட்டு இருக்கும். அது நுனியில வெயிட் விழுந்தா அடிக்கால் அதையும் தாண்டி இருந்தாத்தான் ஸ்டாண்ட் கவிழாது. கால் சின்னதாப் போட்டு "வெயிட்டா இருக்கு, அசையாது"ம்பாங்க. அசையும்ங்க.

பின்பக்கம் கீழ ஒரு குறுக்கு, மேல புல்-அப்ஸ் பைப் ஒண்ணு. பைப் ஒரு அங்குல பி கிளாஸ், வெளி விட்டம் 33.7 எம்.எம்., கைக்கு அடக்கமா இருக்கும். பெயின்ட் அடிக்காம விடச் சொல்லுங்க, வழுக்கும்.

ஓட்டைதான் உயிர் நிலைங்க. 16 எம்.எம். பின்னுக்கு 17 எம்.எம். ஓட்டை, 50 எம்.எம்.க்கு ஒண்ணு, தரையிலிருந்து 400-ல ஆரம்பிச்சு 1700 வரைக்கும். ரெண்டு தூணையும் ஒண்ணாக் கட்டி டிரில் மெஷின்ல ஒரே நேரத்துல துளைக்கச் சொல்லுங்க. தனித்தனியா மார்க் பண்ணித் துளைச்சா 3 எம்.எம். தப்பும், ராடு சாஞ்சே நிக்கும், நீங்க தோள் வலின்னு டாக்டரைப் பாப்பீங்க. கேஸ் கட்டர்ல ஓட்டை போடறேன்னா வேற பட்டறை பாருங்க.

முழுசா வெல்ட் அடிச்சுக் கொண்டு வரச் சொல்லாதீங்க, மாடிப்படித் திருப்பத்துல மாட்டிக்கும். தூண் தனி, அடிக்கால் தனி, குறுக்கு தனி. சேர்ற இடத்துல 6 எம்.எம். தகடு வெல்ட் பண்ணி, தகட்டுக்கு ரெண்டு எம்12 போல்ட்டாவது. தகடு வெல்ட் பண்றப்ப நாலு மூலையும் டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) அடிச்சு, மட்டம் பாத்து, அப்புறம் முழு வெல்ட். ஒரு பக்கத்தை ஒரே இழுப்புல அடிச்சா சூட்டுல இழுத்துரும், தூண் சாஞ்சுரும்.

கடையில வாங்கறதாயிருந்தா மேல சொன்ன அதே அளவெல்லாம் டேப் வெச்சுப் பாருங்க, டியூப் கனம் உட்பட. ஆன்லைன்ல "300 கிலோ தாங்கும்"னு போட்டிருக்கறது சும்மா நிக்கறப்ப. சேஃப்டி கை இல்லாத ஸ்டாண்ட் இனாமாக் குடுத்தாலும் வேண்டாம். தனியா ஆள் இல்லாம பெஞ்ச் போடறவங்களுக்கு அதுதான் உசிரு.


இரும்பு அக்கா எழுதியது:

தம்பி, பணம் எதில் என்று கேட்டிருந்தீர்கள். பாதி தட்டுக்கும் ராடுக்கும் போகட்டும், மிச்சத்தில் மேடை, ஸ்டாண்ட், பெஞ்ச். அலங்காரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது, மிஞ்ச வேண்டாம்.

"ஹோம் ஜிம் செட் 50 கிலோ" என்று ஆன்லைனில் மலிவாக வருகிறதே, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் அடைத்த தட்டு. ஒவ்வொன்றும் தடியாக இருக்கும், ராடு சீக்கிரம் நிறைந்துவிடும். ஓரம் வெடித்தால் சிமென்ட் பொடி கொட்டும். அதோடு வரும் ராடு 25 அல்லது 28 எம்.எம்., நுனியும் அதே கனம், தட்டோடு சேர்ந்து சுழலாது. பிறகு ஒலிம்பிக் ராடு வாங்கினால் அந்தத் தட்டு எதுவும் சேராது, ஏனென்றால் ஒலிம்பிக் ராடின் நுனி 50 எம்.எம். முதலிலேயே 50 எம்.எம். ஓட்டைத் தட்டாக வாங்குங்கள்.

தட்டு வார்ப்பிரும்பில்: 20 கிலோ இரண்டு, 10 நான்கு, 5 இரண்டு, இரண்டரை இரண்டு, ஒன்றேகால் இரண்டு. 97.5 கிலோ, ராடோடு 117.5. இப்போதைக்கு உங்களுக்குப் போதும். வார்ப்பிரும்பில் எடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வாங்கும் இடத்திலேயே எடை போட்டு, ஒத்துவரும் ஜோடியாகப் பொறுக்கி எடுங்கள், சாக்பீஸால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 20.6, மறு பக்கம் 19.5 என்றால் ஸ்குவாட்டில் இடுப்பு சொல்லிவிடும். பழைய தட்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், இரும்புக்கு வயசாகாது. பழைய ராடு மட்டும் யோசித்து: சமதரையில் உருட்டுங்கள், நடுப்பகுதி எம்பி எம்பி ஓடினால் வளைந்த ராடு.

10 கிலோத் தட்டு பல கம்பெனிகளில் சிறிதாக இருக்கும். 450 எம்.எம். விட்டம் இருந்தால்தான் ராடு தரையிலிருந்து 225 எம்.எம். உயரத்தில் நிற்கும். உங்கள் மனைவி 40 கிலோவில் டெட்லிஃப்ட் தொடங்கும்போது ராடு கணுக்கால் பக்கம் கிடந்தால் முதுகு வளையும். வெட்டி மிஞ்சிய பிளையில், அந்த நான்காவது ஷீட்டில் 2×4 துண்டு மிஞ்சுமே, அதைச் சதுரமாக அறுத்து அடுக்கி இரண்டு பக்கமும் தட்டுக்கு அடியில் வையுங்கள். உயரத்தை அளந்து 225-க்குக் கொண்டுவந்தால் போதும்.

அவருக்கென்று பிறகு காசு இருந்தால் 15 கிலோ ராடு. 25 எம்.எம். பிடி, சின்னக் கைக்கு நல்லது. நீளம் 2010 எம்.எம்., உங்கள் அறைக்கும் இலகு. காலர் இடைவெளி இதிலும் அதே 1310 என்பதால் ஸ்டாண்ட் மாற்ற வேண்டாம், தட்டும் அதே தட்டு. தொடக்கத்தில் ஓவர்ஹெட் பிரஸுக்கு 20 கிலோ வெறும் ராடே நிறைய பெண்களுக்குக் கனம். அதுவரை டம்பிள்ஸ்: 5, 7.5, 10 ஜோடி. முடுக்கும் ரக டம்பிள்ஸ் வாங்கினால் இரண்டு செட்டுக்கு ஒரு தடவை நட்டை இறுக்கிப் பாருங்கள், தலைக்கு மேல் தூக்கும்போது கழன்று வருவது அதுதான்.

பெஞ்ச்: உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர், மெத்தை அகலம் 30 வாக்கில். கடையில் தலைமாட்டு நுனியில் உட்கார்ந்து பாருங்கள், மறுபக்கம் எழும்பினால் வேண்டாம். மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மரத்தைத் தொடக்கூடாது. சாய்க்கும் பெஞ்சில் இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சந்து வரும், படுத்துப் போடும்போது அது இடுப்பில் உறுத்தும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் சாயாத பெஞ்ச்.

பட்டறைத் தம்பி சொன்ன 50 எம்.எம். இடைவெளியில் ஒரு சிக்கல் உண்டு. பெஞ்ச் பிரஸில் சேஃப்டி கை, நெஞ்சை விரித்துப் படுக்கும்போது ராடு அதைத் தொடாத உயரத்திலும், மூச்சை விட்டுத் தளர்ந்தால் ராடு அதில் உட்காரும் உயரத்திலும் இருக்க வேண்டும். இந்த இடைவெளி பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஓட்டை அதற்கு ஒத்துவராவிட்டால் பெஞ்சின் கால்களுக்கு அடியில் 18 எம்.எம். பிளைத் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். வெறும் ராடை வைத்து, நெஞ்சைத் தளர்த்தி, வெளியே நழுவ முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் தட்டு.

கீழ்வீட்டுத் தகராறு பெரிதானால் மணல் மூட்டை இருக்கவே இருக்கிறது. காய்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ, 50 கிலோவுக்கு 31 லிட்டர். தடித்த பாலிதீன் உறை இரண்டில் கட்டி, கேன்வாஸ் பையில் போடுங்கள். எம்-சாண்ட் என்றால் சலித்துத் தூசி நீக்குங்கள், இல்லாவிட்டால் தையல் வழியே கசியும். முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள், பிடிக்கச் சதை வேண்டும். சத்தமே இல்லாமல் முதுகை நொறுக்கும் சாமான் அது.


மாடிவீட்டுக்காரன்:

அக்கா, மிக்க நன்றி. சமையலறையிலிருந்து மனைவி இதை முழுசாகப் படித்துவிட்டு "15 கிலோ ராடு முதலில்" என்கிறார். இன்னும் மூன்று சந்தேகம். டிரெட்மில் பின்னால் சேர்க்கலாமா? கடற்காற்றில் துரு பிடிக்காமல் எப்படி வைத்திருப்பது? கிழக்குச் சுவரில் கண்ணாடி மாட்ட ஆசை.


ஃபியூஸ் போனவன் எழுதியது:

டிரெட்மில்லுக்கு 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். 6 ஆம்ப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஓட்டினால் கிளம்பும்போது வோல்ட்டேஜ் இறங்கி போர்டு எகிறும், இல்லையென்றால் பிளக் உருகும். தனி எம்.சி.பி. போட்டுவிடுங்கள். ஓடும் மோட்டார் டிரைவ் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும், பழைய வயரிங்கில் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) அதனால் அடிக்கடி விழும். மிஷின் பழுதென்று அனுப்பிவிடாதீர்கள், முதலில் வேறு லைனில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இடமில்லை ஐயா. பின்னால் ஆறு அடி காலி வேண்டும், ஆள் தவறி விழுந்தால் சுவரில் மோதாமல் இருக்க. உங்கள் அறையில் மேடை போக மிஞ்சுவது தெற்கே 4 அடிப் பட்டை. ஓட்டமும் கீழ்வீட்டுக்குத் தொம் தொம் என்றுதான் கேட்கும். திருவான்மியூரில் கடற்கரையை வைத்துக்கொண்டு இது எதற்கு?


உப்புக்காத்து எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து. துரு பற்றி எங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

ராடு வாங்கும்போதே ஹார்ட் குரோம் பூச்சு கேளுங்கள். கறுப்பு ஆக்சைடு பார்க்க அழகு, பிடிக்க இன்னும் அழகு, கடலோரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. கை பிடிக்கும் சொரசொரப்பான பகுதியில் வியர்வை உப்பும் தோல் பொடியும் கையில் பூசும் சாக் பொடியும் அடைந்து, அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு தொடங்குவது அங்கே. முடித்ததும் உலர் துணியால் ஒரு துடைப்பு. வாரம் ஒரு தடவை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துணியால் பரப்பி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்துத் தூசி சேர்க்கும். டபிள்யூ.டி.-40 துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனால் நீண்ட நாள் காப்பு அதில் இல்லை. அதை அடித்துத் துடைத்த பிறகும் எண்ணெய் விட வேண்டும்.

வெல்டிங் ஸ்டாண்டில் துரு உள்ளேயிருந்து வரும். டியூப் வாய் எல்லாவற்றுக்கும் ரப்பர் புஷ் அடியுங்கள். பெயின்டுக்கு முன் வெல்ட் கசடைத் தட்டி எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, அது காய்ந்த பிறகு எனாமல் இரண்டு கை. பின் போகும் ஓட்டைகளின் உள்விளிம்பில் பெயின்ட் ஏறாது, அங்கே மாதம் ஒரு தடவை கொஞ்சம் கிரீஸ். ஜன்னல் வடக்கில் இருந்தாலும் இரவில் மூடி வையுங்கள்.

புது ரப்பர் மேட் நாறும். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, மொட்டை மாடியில் நிழலில் நாலைந்து நாள் போடுங்கள். வெயிலில் காயப்போட்டால் ஓரம் சுருளும். ஈரத்தோடு பிளை மேல் விரித்தால் அடியில் பூஞ்சை.

கண்ணாடி: 5 எம்.எம்., கீழ் ஓரம் மேடையிலிருந்து ஒன்றரை அடி மேலே தொடங்கட்டும். தரை வரை இறக்கினால் முதல் உருளும் டம்பிள்ஸ் அதை முடித்துவிடும். பின்பக்கம் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி கேளுங்கள், உடைந்தாலும் கொட்டாது. சிலிக்கான் வைத்து ஒட்டுவதானால் "நியூட்ரல்" என்று எழுதிய டியூப் மட்டும். புளித்த காடி வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் பின்பக்க ரசத்தை அரித்துக் கறுப்புப் புள்ளி உண்டாக்கும். ஒட்டினாலும் கீழே ஒரு அலுமினியச் சேனல் தாங்கலாக இருக்கட்டும், சுண்ணாம்பு அடித்த சுவரில் பசை மட்டும் நிற்காது. ராடு கிழக்கு மேற்காக இருப்பதால் அதன் நுனியிலிருந்து கண்ணாடி 1 அடி 10 அங்குலத்தில் வரும். தட்டு மாற்றும் பக்கம் கண்ணாடி வைப்பதைவிடத் தெற்குச் சுவரில் கதவுக்குக் கிழக்கே மாட்டுவது நல்லது. டெட்லிஃப்ட் செய்யும்போது தெற்கே திரும்பி நின்றால் அதில் தெரியும். ஸ்குவாட்டில் கண்ணாடி பார்க்காமல் இருப்பதே மேல்.


பட்டறைக்காரன்:

ஒண்ணு விட்டுப் போச்சுங்க. ஸ்டாண்டை மேடையோட சேர்த்து முடுக்கிருங்க, தரையைத் துளைக்க வேண்டாம். அடிக்கால்ல 6 எம்.எம். காது தகடு நாலு வெல்ட் பண்ணி, 10×50 கோச் ஸ்க்ரூ. தகடு போக 44 எம்.எம். பிளைக்குள்ள இறங்கும், 54-ல நிக்கும், டைலைத் தொடாது. 7 எம்.எம். ஓட்டை முதல்ல போட்டுட்டு முடுக்குங்க, இல்லைன்னா பிளை அடுக்கு பிரியும்.

போல்ட் எல்லாம் ரெண்டு வாரம் கழிச்சு ஒருதரம் ஸ்பேனர் வெச்சு இறுக்கணும். புது பெயின்ட் அமுங்கி நட்டு லூஸ் ஆகும். ஸ்டாண்ட் ஆடுதுன்னு எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல இதுக்குத்தான்.